கட்டடப் பணியிடங்களில் மண்ணிழப்பு: கொல்கத்தா தரும் பாடம்

மண்ணரிப்பு என்றவுடன் மலைச் சரிவுகளும், காடழிந்த குன்றுகளும், சம்பல் ஆற்றங்கரையின் பிளவுண்ட பள்ளங்களுமே பெரும்பாலோர் உள்ளத்தில் தோன்றுகின்றன. மேசையைப்போல் தட்டையாக அமைந்த ஒரு நகரத்தில் மண் எங்கே ஓடப்போகிறது என்னும் எண்ணம் இயல்பாகவே எழுகின்றது. கட்டடப் பணி தொடங்குமுன் நிரப்பப்படும் படிவங்களிலும் ‘நிலம் சமமானது, அரிப்புக்கு இடமில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது. அந்த ஒரு வரி எத்துணைப் பிழையானது என்பதைக் கொல்கத்தா நகரம் நன்கு விளக்குகின்றது. நிலம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று வினவுவதைவிட, மண் வெளியேற வழி உண்டா என்று வினவுவதே மதிப்பீட்டின் முதற்படியாதல் வேண்டும். சமவெளி நகரங்களில் பணிபுரியும் களப் பணியாளர் இக்கருத்தை ஏற்றுக்கொண்டாலன்றி, மண்ணிழப்பைத் தடுக்கும் முயற்சிகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

நிலத்தின் இயல்பு

கொல்கத்தா கங்கைக் கழிமுகத்தின் படிவுகள்மீது அமைந்த நகரம். கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்தில்தான் அதன் பெரும்பகுதி கிடக்கின்றது. 1835 முதல் 1840 வரை வில்லியம் கோட்டையில் ஓர் ஆழ்துளை இடப்பட்டது. 481 அடி ஆழம் சென்றும் பாறை தென்படவில்லை. களிமண்ணும், வண்டலும், மணலும், மக்கிய மரப்படிவுகளுமே அடுக்கடுக்காக வெளிவந்தன. 19-ஆம் நூற்றாண்டில் சியால்தாவில் குளம் வெட்டியபோது, நிலத்தின் ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் வேரோடு நின்ற நிலையில் காணப்பட்டன. இன்று சுந்தரவனத்தின் சேற்றில் வளரும் அதே மரம் ஒரு காலத்தில் நகரத்தின் நடுப்பகுதியிலும் வளர்ந்திருந்தது என்பதற்கு அது சான்று.

இத்தகைய நிலத்தில் மண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றுள் வண்டல் துகள் தனித்து நோக்கத்தக்கது. மணல் துகள் கனமுடையதாதலின் எளிதில் நகராது. களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் எளிதில் பிரியா. இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டலுக்கோ கனமும் இல்லை, பற்றும் இல்லை. மழைத்துளி விழுந்த மாத்திரத்தில் அது தெறித்தெழுகின்றது. மெல்லிய நீரோட்டமே அதனை எடுத்துச்செல்லப் போதுமானது.

அமெரிக்க அறிஞர்களான விஷ்மையரும் ஸ்மித்தும் 1965-இலும் பின்னர் 1978-இலும் வெளியிட்ட கையேடுகளில் விளக்கிய மண்ணிழப்புச் சமன்பாடு உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. மழையின் வலிமை, மண்ணின் அரிபடு தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், நிலத்தின் போர்வை, காப்பு முறைகள் ஆகியவற்றைப் பெருக்கி ஆண்டுக்கு இழக்கப்படும் மண்ணின் அளவை அது கணிக்கின்றது. வேளாண் நிலத்திற்கு அது சிறந்த கருவி. ஆயினும் கட்டடப் பணியிடத்தில் அதனை அப்படியே கையாளும்போது ஒரு தவறு நேர்கின்றது. சமநிலத்தில் சரிவுக்குரிய எண் மிகச் சிறியதாதலின் விடையும் சிறியதாகவே வரும். ஓரிடத்திலிருந்து பெயர்ந்த மண் எங்கே சென்று சேரும் என்பதையும், நிலத்தின் அடியில் நீரோடு கலந்து வெளியேறும் மண்ணையும் அச்சமன்பாடு கூறாது. அது கூறாமல் விடும் இவ்விரண்டுமே கொல்கத்தாவில் பெருந்துன்பம் விளைப்பவை.

மேலே செல்லும் மண்

நகரத்துப் பணியிடத்தில் மண் நெடுந்தொலைவு ஓட வேண்டியதில்லை. பத்தடித் தொலைவில் சாலையோர வடிகுழி இருந்தால் அதுவே போதும். அகழ்ந்த மண்ணைத் தெருவோரம் குவிப்பதும், மணலையும் கல்தூளையும் நடைபாதையில் கொட்டி வைப்பதும், சேறு படிந்த சக்கரங்களோடு லாரிகள் தெருவிலேறுவதும் அன்றாடக் காட்சிகள். அடுத்த மழையில் அவையனைத்தும் வடிகுழிக்குள் இறங்குகின்றன.

அதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஆயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள மனையில் ஒரு மில்லிமீட்டர் மண் கழிந்தால் அது ஒரு கன மீட்டராகும். எடையில் ஏறக்குறைய ஒன்றரை டன். மனையைப் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்தது தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒன்றரை டன் மண், அத்தெருவின் புதைசாக்கடையில் படிந்தால் நன்றாகவே தெரியும். அதுவும் மழை நாளில், வீட்டு வாசலில் தேங்கிய நீராகத் தெரியும்.

கொல்கத்தாவின் நடுப்பகுதியில் செங்கல்லால் கட்டிய பழைய புதைசாக்கடைகள் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நகரம் ஹூக்ளி ஆற்றின் கரையில் மேடாகவும், கிழக்கே செல்லச் செல்லத் தாழ்வாகவும் அமைந்துள்ளமையால், கழிவுநீரும் மழைநீரும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே செல்கின்றன. போதிய சாய்வு இன்மையால் நீரேற்று நிலையங்களின் துணையின்றி அவை வெளியேற மாட்டா. மெதுவாகச் செல்லும் நீர் தான் சுமக்கும் வண்டலை வழியிலேயே இறக்கிவிடும். ஆகவே, குழாயின் கொள்ளளவு ஆண்டுதோறும் குறைகின்றது.

வண்டல் இந்நகரத்திற்கு எத்தகைய பகை என்பதை வித்யாதரி ஆற்றின் வரலாறு உணர்த்தும். நகரத்தின் வடிநீரைக் கிழக்கே கடலுக்குக் கொண்டுசென்ற அவ்வாறு வண்டல் படிந்து தூர்ந்து, 1928-இல் பயனற்றதென அறிவிக்கப்பட்டது. பின்னர், மாநகராட்சியின் தலைமைப் பொறியாளர் பி. என். தே வகுத்த திட்டத்தின்படி, இன்னும் கிழக்கேயுள்ள குல்டி ஆற்றுக்குக் கால்வாய்கள் வெட்டி நீரைத் திருப்ப நேர்ந்தது. வித்யாதரியைத் தூர்த்த வண்டல் கட்டடப் பணிகளால் வந்ததன்று. அது பெரும்பாலும் கடலேற்றம் கொணர்ந்தது. எனினும் பாடம் ஒன்றே: இந்நகரத்தின் வடிகால் அமைப்பில் கூடுதல் வண்டலைத் தாங்குவதற்கு இடமே இல்லை. 2025 செப்டம்பர் 22, 23-ஆம் நாட்களுக்கிடையே சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நகரம் நீரில் மூழ்கி உயிர்கள் பலியாயின. அத்தகைய மழையை எந்த வடிகாலும் எளிதில் தாங்காது என்பது உண்மையே. ஆனால் பாதி தூர்ந்த குழாய் அந்நாளில் யாருக்கும் உதவாது என்பதும் அதே அளவு உண்மை.

கீழே செல்லும் மண்

மேற்பரப்பில் நிகழும் இழப்பையாவது மழைநாளில் கலங்கிய நீரால் அறிந்துகொள்ளலாம். நிலத்தின் அடியில் நிகழும் இழப்போ வீடு விரிசல் விடும்வரை தெரிவதில்லை.

ஹௌரா மைதானத்தையும் சால்ட் லேக் ஐந்தாம் பிரிவையும் இணைக்கும் மெட்ரோ ரயில் பாதைக்காகச் சுரங்கம் துளைக்கப்பட்டபோது, ஹூக்ளி ஆற்றின் அடியில் சுமார் 520 மீட்டர் நீளமுள்ள பகுதி 2017-இல் முடிவுற்றது. ஆற்றின் கீழே துளைப்பதுதான் அப்பணியின் மிகக் கடினமான பகுதி என்று பொதுமக்கள் கருதியிருந்தனர். ஆயினும் பேரிடர் நேர்ந்தது ஆற்றின் கீழ் அன்று, வீடுகளின் கீழ். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், பௌபஜார்ப் பகுதியில் சுரங்கம் துளைக்கும் பொறி நீர் நிறைந்த ஓர் அடுக்கை எதிர்ப்பட்டது. நீரும், அதனோடு நுண்மணலும் வண்டலும் சுரங்கத்துள் புகுந்தன. உள்ளே வந்த மண் மேலே இருந்த தெருக்களின் அடித்தளத்திலிருந்து வந்தது. துர்கா பிதூரி சந்திலும், பொற்கொல்லர் குடியிருப்பு என்று பொருள்படும் சியாக்ரா பாரா சந்திலும் பழைய வீடுகள் விரிசல் விட்டன. சில சரிந்து வீழ்ந்தன. வேறு சில இடிக்கப்பட்டன. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த நூற்றுக்கணக்கானோர் கைக்குக் கிட்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். நகைப் பட்டறைகளில் வேலை நின்றது.

இடர் அத்துடன் தீரவில்லை. 2022 மே மாதத்தில் துர்கா பிதூரி சந்திலும், அதே ஆண்டு அக்டோபரில் மதன் தத்தா சந்திலும், நிலத்தடிப் பணியின்போது நீர் கசிந்து மீண்டும் வீடுகள் விரிசலுற்றன. முழுப் பாதையும் 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் திறக்கப்பட்டது. இன்று அப்பாதையில் பயணம் செய்வோர் பலருக்கு அது பெரும் வசதி. அதற்காகத் தம் வீட்டை இழந்தோரின் நிலையை அந்த வசதி மறைத்துவிடலாகாது.

இந்நிகழ்ச்சியைச் சுரங்கப் பொறியியலின் சிக்கல் என்று ஒதுக்கிவைப்பது வழக்கம். அது சரியன்று. நீர் தன் வழியில் மண்ணை எடுத்துச்செல்வதே அரிப்பு. அது வானத்திலிருந்து விழுந்த நீராயினும் நிலத்தடியில் அழுத்தத்தோடு நின்ற நீராயினும் விதி ஒன்றே. மெட்ரோ சுரங்கத்தில் பேரளவில் நிகழ்ந்தது, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்காகக் குழி தோண்டும் இடத்தில் சிற்றளவில் நிகழக்கூடும். குழிக்குள் ஊறும் நீரை எந்திரத்தால் இறைக்கிறார்கள். இறைத்த நீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. அது கலங்கலாக வருமாயின், பக்கத்து வீட்டின் அடிமண் குழாய் வழியே சாக்கடைக்குச் செல்கிறது என்பது பொருள். அப்போது மேலும் கீழும் ஆகிய இரு இழப்புகளும் ஒன்றாகின்றன: அயலாரின் அடித்தளமும் போகின்றது; தெருவின் வடிகாலும் தூர்கின்றது.

மதிப்பீட்டுக்குரிய ஐந்து வினாக்கள்

பெரிய திட்டங்களுக்கு மைய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள பணிகள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் இசைவு பெற வேண்டும் என்று வகுத்தது. அவ்வளவுக்குக் குறைந்த எண்ணற்ற மனைகள் அதன் வரம்புக்குள் வாரா. ஒரு பெரிய திட்டத்தின் மண்ணை எவரும் கவனிப்பர். நூறு சிறு மனைகளின் மண்ணை யார் கவனிப்பது? அது களத்தில் நிற்கும் மேற்பார்வையாளரின் கண்ணையே சார்ந்திருக்கின்றது. அவருக்கு நீண்ட கணக்கு வேண்டா. ஐந்து வினாக்கள் போதும்.

முதலாவது, மண் எத்தகையது? ஓர் அடி உயரமுள்ள கண்ணாடிச் சாடியில் ஒரு பிடி மண்ணையிட்டு, 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஊற்றி, நன்கு குலுக்கி வைத்துவிடலாம். நுண்மணல் அரை நிமிடத்தில் அடியில் படியும். நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வண்டல் அரை மணி நேரத்தில் படியும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள களித்துகள் படிய இரண்டு நாட்களுக்கு மேலாகும். சாடியில் நிகழ்வதே தொட்டியிலும் நிகழும். மண்ணில் களி மிகுந்திருந்தால், வண்டல் தேங்கு குழி அமைத்துவிட்டோம் என்று மன அமைதி கொள்ள முடியாது. அத்தகைய மண்ணை நீரில் கலக்க விடாமல் காப்பதே வழி.

இரண்டாவது, எவ்வளவு பரப்பு, எந்த மாதங்களில், எத்தனை நாள் திறந்து கிடக்கும்? கொல்கத்தாவில் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்குகின்றது. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரல், மே மாதங்களில் ‘கால்பைசாகி’ என்னும் இடிமழை திடீரென வீசி, சிறிது நேரத்தில் பெருமழை பொழிகின்றது. பருவமழைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று எண்ணி மனை முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து போட்டவர் இதனால் ஏமாறுவர்.

மூன்றாவது, மண் வெளியேறும் வழி எது? அருகிலுள்ள வடிகுழி, லாரி வெளியேறும் வாயில், நீரிறைக்கும் குழாயின் முனை, எல்லைச் சுவரின் இடுக்கு ஆகியவற்றை மேற்பார்வையாளர் நடந்து சென்று பார்த்து வரைபடத்தில் குறித்தல் வேண்டும்.

நான்காவது, நிலத்தடி நீர் எங்கே நிற்கின்றது? குழியின் அடிமட்டம் நீர்மட்டத்திற்குக் கீழே செல்லுமா? இடையே மணல் அடுக்கு உண்டா? ஓரிரு துளைக் குழாய்களை இறக்கி நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்துவந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

ஐந்தாவது, மண் சென்றால் துன்புறுவோர் யார்? ஆழமற்ற அடித்தளமுடைய பழைய வீடு, பள்ளிக்கூடம், குளம், தாழ்ந்த தெரு இவற்றுள் எது அருகில் உள்ளது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இவ்விடைகளைக் கொண்டு அபாயத்தைத் தாழ்வு, நடுத்தரம், உயர்வு என மூவகையாகத் தரப்படுத்தலாம். இங்கே ஒரு கருத்தை வற்புறுத்துதல் அவசியமாகின்றது. ஐந்து வினாக்களுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டிச் சராசரி காண்பது தவறு. நான்கு விடைகள் நன்றாயிருந்து, நிலத்தடி நீர் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் வீடு சரியும். சராசரி அதனை மறைத்துவிடும். ஐந்தனுள் மிகக் கெட்ட விடை எதுவோ அதுவே அப்பணியிடத்தின் தரமாக அமைதல் வேண்டும்.

தடைகளும் விடைகளும்

இவற்றால் செலவும் காலமும் கூடும் என்பார் உளர். சாடிக்கும் துளைக் குழாய்க்கும் ஆகும் செலவு, ஒரு நாள் சிமெண்டுச் செலவுக்கு ஈடாகாது. மனையைப் பகுதி பகுதியாகத் திறப்பதற்கும், குவித்த மண்ணைத் தார்ப்பாயால் மூடுவதற்கும், வாயிலில் கருங்கல் சல்லி பரப்பி லாரிச் சக்கரங்களின் சேற்றை உதிர்ப்பதற்கும், வடிகுழியின் வாயில் வடிகட்டும் தடுப்பு வைப்பதற்கும் புதிய எந்திரம் எதுவும் தேவையில்லை.

சாக்கடையைத் தூர்வாருவதற்கு மாநகராட்சி இருக்கிறதே என்பது மற்றொரு வாதம். இதுவே அடிப்படைத் தவறு. மனையில் நிற்கும்போது அம்மண்ணை ஒரு மண்வெட்டியால் அள்ளிவிடலாம். குழாய்க்குள் சென்றபின் அதனை எடுக்க எந்திரமும், ஆட்களும், சாலையை மறிப்பதும் தேவைப்படுகின்றன. புதைசாக்கடைக்குள் மனிதர் இறங்கி உயிரிழந்த கொடுமைகளும் நம் நாட்டில் நிகழ்ந்துள்ளன. ஒருவர் மிச்சப்படுத்திய சிறு செலவைப் பிறர் பெருஞ்செலவாகவும், சில வேளைகளில் உயிராகவும் செலுத்துகின்றனர். ஆகவே, மனையை விட்டு வெளியேறும் மண் அப்பணியை நடத்துவோரின் கடன் என்னும் கொள்கை நிலைபெறுதல் வேண்டும்.

எல்லா இடர்களையும் முன்கூட்டி அறிய இயலாது என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை உண்டு. இரண்டு துளைகளுக்கு இடையே ஒளிந்திருக்கும் மணல் அடுக்கை எந்த ஆய்வும் தவறவிடக்கூடும். அதனாலேயே மதிப்பீடு என்பது பணி தொடங்குமுன் ஒருமுறை எழுதி அடுக்கில் வைக்கும் தாளாக இருத்தல் கூடாது. இறைத்த நீரை நாள்தோறும் சாடியில் பிடித்துப் பார்த்து, கலங்கல் கூடினால் அன்றே பணியை நிறுத்தும் அதிகாரம் களத்தில் நிற்பவருக்கு இருத்தல் வேண்டும். மேலிடத்து ஆணை வரும்வரை மண் காத்திருக்காது.

பள்ளியும் பணியிடமும்

இப்பாடம் கொல்கத்தாவோடு முடிவதன்று. கழிமுகத்தின்மீதும் கடற்கரை மணல்மீதும் அமைந்த நகரங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். 2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில், மெட்ரோ சுரங்கப் பணி நடந்த தடத்தின்மேல் சாலை உள்வாங்கி, பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கியதைப் பலர் நினைவில் கொண்டிருப்பர். அங்கும் நிலம் சமமானதே. சென்னையில் பருவத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: அங்கே வடகிழக்குப் பருவமழை பொழியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களே எச்சரிக்கைக்குரியவை.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பள்ளியின் அருகே நடைபெறும் கட்டடப் பணியிடத்தின் மண்ணும், மழை நாளில் தெருவில் ஓடும் நீரும், ஒரு கண்ணாடிச் சாடியும் இருந்தால் துகள்களின் அளவும் படியும் வேகமும் பாடப்புத்தகத்திலிருந்து வெளியே வந்துவிடும். புல் வளர்ந்த மண்தட்டு ஒன்றும் வெறும் மண்தட்டு ஒன்றும் சம மட்டத்தில் வைத்து, பூவாளியால் நீர் தெளித்து, வழியும் நீரை ஒப்பிட்டால், சரிவின்றியும் மண் நகரும் என்பதை மாணவர் கண்ணாரக் காண்பர். அவர்களுள் சிலர் நாளைய மேற்பார்வையாளர்கள். பலர் நாளைய வீட்டு உரிமையாளர்கள்.

‘நிலம் சமமானது, அரிப்புக்கு இடமில்லை’ என்னும் வரி படிவங்களிலிருந்து நீங்குதல் வேண்டும். அதன் இடத்தில், ‘மண் வெளியேறும் வழிகள் இவை, அவை இவ்வாறு அடைக்கப்பட்டுள்ளன, இன்று இறைத்த நீர் தெளிவாயிருந்தது’ என்று எழுதப்படுமாயின், பௌபஜாரில் வீடிழந்த குடும்பங்களின் துயரம் வேறொரு தெருவில் நிகழாமல் காக்க அது உதவும்.